இன்டெல் எக்ஸ்520-டிஏ2 அட்டை: மலையில் ஒரு லினக்ஸ் ரவுட்டருக்கு ஏற்றதா?

இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்520-டிஏ2 என்ற இரட்டைப் போர்ட் 10 கிகாபிட் நெட்வொர்க் அட்டை புதிய பொருள் அன்று. அதன் நடுவில் இருக்கும் 82599 சிப் 2009-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெரிய டேட்டா சென்டர்கள் இதைக் கழற்றிவிட்டு 25, 100 கிகாபிட் அட்டைகளுக்கு மாறிவிட்டதால், பழைய சர்வர் உதிரிகளை விற்கும் கடைகளில் இது தாராளமாகக் கிடைக்கிறது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளுக்கும் (படுகர் ஊர்களுக்கும்) எஸ்டேட் குடியிருப்புகளுக்கும் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். டெபியன் லினக்ஸ் ஏற்றிய சர்வர் ஒன்றில் இந்த அட்டையைப் போட்டு, சந்தாதாரர்களின் போக்குவரத்து முழுவதையும் அதன் வழியே விடுகிறோம். நீலகிரியிலும் பழனி மலையிலும் எங்களைப் போலச் சிறிய அளவில் தொழில் செய்கிறவர்கள் பலர் இதே அட்டையை வாங்க நினைப்பது எனக்குத் தெரியும் என்பதால், பயன்படுத்திப் பார்த்ததை விரிவாக எழுதுகிறேன். அட்டை உறுதியானது, கொடுத்த காசுக்கு மோசமில்லை. ஆனால் நம் ஊர்களில் வழக்கத்தில் உள்ள, சந்தாதாரர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ (PPPoE) முறையோடு இது ஒத்துப்போவதில்லை. அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால், அட்டையின் திறனில் பாதி வீணாகிவிடும்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விற்பவர் 10 கிகாபிட் என்று சொல்வது கம்பியின் வேகம். லினக்ஸ் சர்வருக்குச் சுமை பிட்டுகளால் வருவதில்லை, பாக்கெட்டுகளின், அதாவது தரவுத் துண்டுகளின், எண்ணிக்கையால் வருகிறது. 1518 பைட் கொண்ட முழு அளவுப் பாக்கெட்டுகளாக வந்தால் 10 கிகாபிட் என்பது விநாடிக்குச் சுமார் 8.13 லட்சம் பாக்கெட்டுகள். 64 பைட் கொண்ட சிறு பாக்கெட்டுகளாக வந்தால் அதுவே 1 கோடியே 48 லட்சத்தைத் தாண்டுகிறது. அந்த நிலையில் ஒரு பாக்கெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 67.2 நானோ விநாடிதான் கிடைக்கும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது ஏறத்தாழ 200 சுழற்சிகள். தேடிய தகவல் பிராசசருக்குள் இருக்கும் சிறு வேக நினைவகமான கேஷில் இல்லாமல் ஒருமுறை முதன்மை நினைவகம் வரை போய் வந்தாலே அந்த நேரம் தீர்ந்துவிடும். ஆகவே லினக்ஸில் நாம் செய்யும் அமைப்புகள் அனைத்துக்கும் நோக்கம் இரண்டுதான்: வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிடுவது, ஒவ்வொரு கோரும் தன் கேஷை விட்டு வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது.

அட்டையைப் பொருத்துவதிலேயே ஒரு கவனம் தேவை. இது பிசிஐ எக்ஸ்பிரஸ் இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்த எட்டு லேன் (தரவுத் தடம்) அட்டை. எட்டு லேனும் இணைந்தால் ஒரு திசையில் 32 கிகாபிட் கிடைக்கும், இரண்டு போர்ட்டுக்கும் அது போதும். எங்களுக்கு வந்த பழைய சர்வரில் ஸ்லாட் பார்வைக்கு எட்டு லேன் நீளம் இருந்தாலும் உள்ளே நான்கு லேனுக்கு மட்டுமே இணைப்பு இருந்தது; விற்ற கடைக்காரர் அதைச் சொல்லவில்லை. சர்வரை இயக்கியதும் கெர்னல் பதிவில் இந்த அட்டைக்கான ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவர் எழுதும் வரியைப் படித்தால் இது அங்கேயே தெரிந்துவிடும்: கிடைக்கும் அலைவரிசை 32 கிகாபிட் என்று வரவேண்டிய இடத்தில் 16 என்று வந்தால், ஸ்லாட்டை மாற்றியாக வேண்டும். இரண்டு பிராசசர் உள்ள சர்வரானால், அட்டை எந்தப் பிராசசரின் ஸ்லாட்டில் இருக்கிறதோ அதே பிராசசரின் கோர்களுக்குத்தான் இன்டர்ரப்ட்டுகளை (பாக்கெட் வந்ததாக அட்டை தரும் அழைப்புகளை) கொடுக்க வேண்டும். ஜியான் இ5 வரிசையிலிருந்து வந்த டேட்டா டைரக்ட் ஐ/ஓ வசதி பாக்கெட்டை நேராக அந்தப் பிராசசரின் கேஷில் கொண்டுவந்து வைக்கும். அடுத்த பிராசசரின் கோர் அதை எடுக்க வந்தால் அந்த நன்மை போய்விடும்.

அடுத்தது ஃபைபர் மாட்யூல், அதாவது ஃபைபரை இணைக்கப் போர்ட்டில் செருகும் ஒளிக் கருவி. இன்டெல் அங்கீகரித்த மாட்யூல் இல்லாவிட்டால் டிரைவர் அந்தப் போர்ட்டையே எழுப்பாது. இன்டர்ஃபேஸ் பட்டியலில் பெயர்கூட வராது. 'அலவ்-அன்சப்போர்ட்டட்-எஸ்எஃப்பி' என்ற அளவுருவை 1 ஆக வைத்தால் பிற நிறுவன மாட்யூல்களும் வேலை செய்யும். அதை மோட்புரோப் அமைப்புக் கோப்பில் எழுதியதோடு நிறுத்தாமல், சர்வர் எழும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால், அன்றைக்குக் கையால் டிரைவரை ஏற்றியபோது எல்லாம் சரியாக இருந்தும், நள்ளிரவு மின்தடைக்குப் பிறகு சர்வர் தானாக எழும்போது போர்ட் காணாமல் போகும். மலையில் அந்த நேரத்தில் ஆள் அனுப்புவது எளிதல்ல.

இங்கே தூரமும் ஒரு பிரச்சினை. 10 கிகாபிட் எல்ஆர் மாட்யூல் 10 கிலோமீட்டருக்கானது. கோத்தகிரியிலிருந்து குன்னூர் சாலை வழியே 20 கிலோமீட்டருக்குக் குறையாது, மேட்டுப்பாளையம் 30 கிலோமீட்டருக்கு மேல். ஃபைபர் சாலையை ஒட்டியே வருவதால் கொண்டை ஊசி வளைவுகள் அனைத்தும் கணக்கில் சேரும். ஆகவே 40 கிலோமீட்டருக்கான இஆர் வகை மாட்யூல் வேண்டும். அது கூடுதல் மின்சாரம் எடுத்துச் சூடாகும் என்பதால், அதை இந்த அட்டையில் செருகுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீள்தூர மாட்யூலை ஸ்விட்சில் வைத்து, ஸ்விட்சிலிருந்து சர்வருக்கு, இரு முனையிலும் மாட்யூல் சேர்ந்தே வரும் குட்டையான செப்பு டிஏசி கேபிள் போடுவதே நல்லது. பாசிவ் டிஏசி கேபிள்களிடம் இந்த அட்டை நிறுவனப் பெயர் பார்ப்பதில்லை. ஒரே கட்டடத்துக்குள்ளோ டவுனுக்குள்ளோ எல்ஆர் போட்டால், எத்டூல் கருவியின் மாட்யூல் விவரத்தில் வரும் ஒளி அளவை அவ்வப்போது குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எல்ஆர் வகைக்கு ஏற்கத்தக்க குறைந்தபட்ச அளவு மைனஸ் 14.4 டிபிஎம். மழைக்காலத்தில் மரம் விழுந்து அறுந்த கேபிளை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓட்டும்போது, இந்த எண் மெல்ல மெல்ல அந்த எல்லையை நெருங்குவது கண்ணுக்கு முன்னால் தெரியும்.

இனி நான் முதலிலேயே குறிப்பிட்ட பிபிபிஓஇ விஷயம். மற்றவற்றை விட இதைத்தான் வாங்குபவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

இந்த அட்டை ஆர்எஸ்எஸ் என்ற முறையில் வரும் பாக்கெட்டுகளை அதிகபட்சம் 16 வரிசைகளாகப் பிரிக்கிறது. பாக்கெட்டின் ஐபி முகவரிகளையும் போர்ட் எண்களையும் கொண்டு ஒரு ஹாஷ் எண் கணக்கிட்டு, அதைப் பொறுத்து வரிசையைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு வரிசையும் ஒரு கோருக்கு. சாதாரண ஐபி பாக்கெட்டுகளுக்கு இது அருமையாக வேலை செய்கிறது. ஆனால் சந்தாதாரர் வீட்டிலிருந்து வரும் பாக்கெட் பிபிபிஓஇ உறைக்குள் இருந்தால், இந்தச் சிப்புக்கு உள்ளே இருக்கும் ஐபி முகவரி தெரியாது. ஹாஷ் இல்லாத பாக்கெட்டுகள் எல்லாம் பூஜ்ஜியமாவது வரிசையில் போய் விழும். பர்லியாறு சோதனைச்சாவடியில் பதினாறு தடம் திறந்துவைத்துவிட்டு, வருகிற வண்டிகளை எல்லாம் ஒரே தடத்தில் நிறுத்துவது போன்ற நிலை இது.

நேரில் பார்ப்பது சுலபம். இன்டர்ரப்ட் பட்டியலை விநாடிக்கு ஒருமுறை திரையில் ஓடவிட்டால், சந்தாதாரர்களை நோக்கிய அணுகல் பக்கத்துப் போர்ட்டில் டிஎக்ஸ்ஆர்எக்ஸ்-0 என்று முடியும் வரியின் எண் மட்டும் விடாமல் ஏறிக்கொண்டிருக்கும், மற்ற வரிகள் ஏறக்குறைய அசையாது. டாப் கருவியில் 1 என்ற எண்ணை அழுத்திக் கோர்களைத் தனித்தனியாகப் பார்த்தால், ஒரு கோரில் சாஃப்ட்இன்டர்ரப்ட் (பாக்கெட்டுகளைக் கையாளும் வேலை) பங்கு நூறு சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருக்க, பக்கத்துக் கோர்கள் சும்மா இருக்கும். மொத்தச் சராசரியை மட்டும் காட்டும் கண்காணிப்பு வரைபடத்தில் இது தெரியவே தெரியாது. எட்டுக் கோரில் ஒன்று திணறினால் சராசரி பன்னிரண்டு சதவீதத்தைச் சுற்றி நின்று, சர்வர் நலமாக இருப்பதாகவே சொல்லும்.

இதன் விளைவு நம்மைக் குழப்பக்கூடியது. சந்தாதாரர்கள் பெரும்பாலும் தரவிறக்குகிறார்கள். மேலேற்றம் மிகக் குறைவு. அப்படியிருக்க மேலேற்றப் பக்கத்து வரிசை நெரிந்தால் என்ன என்று தோன்றலாம். தரவிறக்கத்தில் வரும் பெரிய பாக்கெட்டுகளுக்கு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டிலிருந்து சிறிய ஒப்புகைப் பாக்கெட் திரும்பி வருகிறது. மெகாபிட் கணக்கில் அற்பமாகத் தெரியும் அந்த மேலேற்றம், பாக்கெட் கணக்கில் தரவிறக்கத்தில் பாதி. ஒப்புகை தாமதமானாலும் தொலைந்தாலும் எதிர்முனைச் சர்வர் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. மே மாதச் சீசனில் விடுதிகள் நிரம்பிய மாலை வேளைகளில் எங்களுக்கு வந்த புகார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன: "சார், ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாத்தான் காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு." கம்பியில் இடம் இருந்தது, பிராசசரில் இடம் இருந்தது, பூஜ்ஜியமாவது வரிசையில் மட்டும் இடம் இல்லை.

இதற்கு லினக்ஸிலேயே மருந்து உண்டு. கூகுளின் டாம் ஹெர்பர்ட் எழுதி, 2010-இல் 2.6.35 கெர்னலில் சேர்ந்த ஆர்பிஎஸ் வசதி, அட்டை செய்யாத பங்கீட்டை மென்பொருளில் செய்கிறது. கெர்னலின் ஃப்ளோ டிசெக்டர் பகுதிக்கு பிபிபிஓஇ உறையைப் பிரித்து உள்ளே பார்க்கத் தெரியும் என்பதால், ஒவ்வொரு சந்தாதாரரின் போக்குவரத்தும் வெவ்வேறு கோருக்குப் போய்ச் சேரும். பூஜ்ஜியமாவது வரிசையின் ஆர்பிஎஸ் கோப்பில், எட்டுக் கோர் உள்ள சர்வரானால், முதல் கோரை விட்டு மற்ற ஏழையும் குறிக்கும் 'எஃப்இ' என்ற பதினாறடிமான (ஹெக்ஸாடெசிமல்) மதிப்பை எழுத வேண்டும். முதல் கோர் ஏற்கெனவே அட்டையிலிருந்து பாக்கெட் எடுக்கும் வேலையில் இருப்பதால் அதை விட்டுவிடுவது முக்கியம். கூடவே நெட்டெவ்-மேக்ஸ்-பேக்லாக் என்ற அளவை இயல்பான 1000-இலிருந்து உயர்த்துங்கள். பங்கிடப்பட்ட பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம் அது. சாஃப்ட்நெட்-ஸ்டாட் கோப்பின் இரண்டாம் நெடுவரிசை ஏறினால் அந்த இடம் போதவில்லை என்று பொருள். மூன்றாவது ஏறினால், ஒதுக்கிய நேரத்துக்குள் கோரால் வேலையை முடிக்க முடியவில்லை என்று பொருள். அந்தக் கோப்பு பதினாறடிமானத்தில் இருப்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டும்.

இதைச் செய்தபின் எங்கள் மாலை நேரப் புகார்கள் நின்றன. ஆனாலும் இது முழுத் தீர்வு அன்று. அட்டையிலிருந்து எடுக்கும் வேலை இன்னும் ஒரே கோரில்தான் நடக்கிறது. பாக்கெட்டுகள் பெருகினால் அந்தக் கோர் மறுபடியும் முட்டும். சந்தாதாரர்களைக் கூட்டும் திட்டம் உள்ளவர்கள், பிபிபிஓஇ-ஐ விட்டு, அந்த உறை இல்லாமல் ஐபி பாக்கெட்டை அப்படியே அனுப்பும் ஐபிஓஇ முறைக்கு மாறுவதை இப்போதே யோசிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சந்தாதாரர் இணைப்புகளை ஏற்க நாங்கள் பயன்படுத்தும் அக்செல்-பிபிபி மென்பொருள் இரண்டையும் கையாளும். வீடு வீடாக ரவுட்டர் அமைப்பை மாற்றுவது பெரிய வேலைதான், அதுவும் ஹட்டிக்கும் ஹட்டிக்கும் இடையே தேயிலைக் காட்டைக் கடந்து போகவேண்டிய ஊரில். ஆனால் அதைச் செய்துவிட்டால் இந்தப் பழைய அட்டை தன் பதினாறு வரிசைகளையும் நமக்காக உழைக்கவைக்கும். மாற முடியாதவர்கள் இன்டெல்லின் எக்ஸ்710 அட்டையைப் பார்க்கலாம். 700 வரிசைக்கு இன்டெல் வெளியிட்டுள்ள, அட்டைக்குப் புதிய நெறிமுறைகளைக் கற்றுத்தரும் டிடிபி பொதிகளுள் பிபிபிஓஇ-ஐப் புரியவைக்கும் ஒன்றும் இருக்கிறது. விலை கூடும்.

இணையம் வரும் பக்கத்துப் போர்ட்டிலும் ஒரு சிறு குறை உண்டு. யூடிபி பாக்கெட்டுகளுக்கு இந்த டிரைவர் இயல்பாக ஐபி முகவரிகளை மட்டும் பார்க்கிறது, போர்ட் எண்களைப் பார்ப்பதில்லை. இன்று யூடியூப் உள்ளிட்ட பெரும்பகுதி வீடியோ க்விக் நெறிமுறையில், அதாவது யூடிபியில் வருகிறது. நம்மைப் போன்ற சிறு நிறுவனங்கள் பொது ஐபி முகவரிகள் போதாமல் பலரை ஒரே முகவரிக்குப் பின்னால் நேட் செய்து வைத்திருக்கிறோம். வீடியோ கேஷ் சர்வர்களின் முகவரிகள் சில, நம் பொது முகவரிகள் சில. அந்தச் சில ஜோடிகளை மட்டும் வைத்து ஹாஷ் போட்டால் பங்கீடு கோணலாகத்தான் இருக்கும். எத்டூலில் யூடிபி-4க்கான ஹாஷை 'எஸ்டிஎஃப்என்' என்று மாற்றினால் போர்ட் எண்களும் சேர்ந்து, பங்கீடு நேராகும். துண்டான பாக்கெட்டுகள் வரிசை மாறி வரலாம் என்று டிரைவர் எச்சரிக்கும். நடைமுறையில் அதனால் எங்களுக்குத் தொல்லை வரவில்லை.

நேட் பற்றிப் பேசும்போது, நடப்பிலுள்ள இணைப்புகளைக் கெர்னல் குறித்துவைக்கும் கான்ட்ராக் அட்டவணையையும் சொல்ல வேண்டும். அதன் இயல்பான உச்சவரம்பு நினைவகம் போதுமான சர்வர்களில் 262144. நிலைபெற்ற டிசிபி இணைப்பை அது 432000 விநாடி, அதாவது ஐந்து நாள் நினைவில் வைத்திருக்கும். இரண்டையும் மாற்றாமல் விட்டால் ஒரு நாள் அட்டவணை நிரம்பிப் புதிய இணைப்புகள் விழத் தொடங்கும். வரம்பைக் கூட்டும்போது ஹாஷ் அளவையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். இன்டர்ரப்ட்டுகளைத் தானாக நகர்த்தும் ஐஆர்க்யூபேலன்ஸ் சேவையை நிறுத்திவிட்டு, வரிசைக்கு ஒரு கோர் என்று கையால் கட்டுவது நல்லது. வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்துப் பெரிதாக்கும் இரு வசதிகளில், ரவுட்டராக ஓடும் சர்வரில் எல்ஆர்ஓ இருக்கக் கூடாது, ஜிஆர்ஓ இருக்கலாம். எதிர்முனையைச் சற்று நிறுத்தச் சொல்லும் பாஸ் (pause) ஃபிரேம்களை அணைத்துவிடலாம். அட்டை பாக்கெட்டுகளை இறக்கிவைக்கும் ரிங் பஃபர் இயல்பில் 512. பலரும் யோசிக்காமல் 4096 வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு அது ஒப்புதல் இல்லை: ரிங் பெரிதானால் கேஷில் அடங்காமல் நினைவகத்துக்கு வழியும், தாமதமும் கூடும். ஆர்எக்ஸ்-மிஸ்டு அல்லது ஆர்எக்ஸ்-நோ-டிஎம்ஏ-ரிசோர்சஸ் என்ற எண்ணிக்கைகள் ஏறினால் மட்டும் ஒரு படி உயர்த்திப் பாருங்கள்.

மின்சாரத்தைப் பற்றி மலைக்காரர்கள் தனியாக யோசிக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து லைன் போனால் யுபிஎஸ் பேட்டரியை நம்பித்தான் சர்வர் ஓடுகிறது. கெர்னலைத் தாண்டிப் பாக்கெட்டுகளைக் கையாளும் டிபிடிகே வைத்தால் வேகம் பன்மடங்கு கூடும் என்று சொல்லி அதற்கு மாறச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வேகம் கூடுவது உண்மை. ஆனால் டிபிடிகே, பாக்கெட் வந்தாலும் வராவிட்டாலும், தனக்கு ஒதுக்கிய கோர்களை இடைவிடாமல் சுற்றவைத்துக்கொண்டே இருப்பதுதான் வழக்கம். ஆள் நடமாட்டம் இல்லாத பின்னிரவிலும் பேட்டரி கரையும். போதாக்குறைக்கு, இந்த அட்டையைப் பொறுத்தவரை போர்ட் கெர்னலின் கையை விட்டுப் போய்விடுவதால் பாக்கெட்டுகளை டிசிபிடம்ப் கருவியால் பார்க்க முடியாது, கெர்னலை நம்பியிருக்கும் அக்செல்-பிபிபி ஓடாது. சில கிகாபிட் மாலைப் போக்குவரத்து உள்ள நிறுவனத்துக்கு அது தேவையில்லை என்று தயங்காமல் சொல்வேன். அதே காரணத்தால், பிராசசரை ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவிடாமல் தடுக்கும் பூட் அளவுருவையும் மாலை நேர அளவீட்டில் பலன் தெரிந்தால் மட்டுமே வையுங்கள்.

பாக்கெட் வந்தவுடனே அதன்மேல் சிறு நிரலை ஓட்டும் எக்ஸ்டிபி வேறு விஷயம். அது கெர்னலுக்குள்ளேயே, டிரைவர் மட்டத்தில் ஓடுகிறது. வேலை இல்லாதபோது சுற்றுவதில்லை. ஐஎக்ஸ்ஜிபிஇ டிரைவரில் 4.12 கெர்னலிலிருந்து இருக்கிறது. சந்தாதாரர் ஒருவரைக் குறிவைத்து யூடிபி வெள்ளம் வரும்போது, அந்தப் பாக்கெட்டுகளுக்கு நினைவகம் ஒதுக்கப்படும் முன்பே எறிந்துவிட ஒரு சிறு நிரல் போதும். அதை முதன்முறை ஏற்றும்போது ரிங்குகள் மறுபடியும் அமைக்கப்பட்டு லிங்க் சற்று விழுந்து எழும் என்பதால், தாக்குதல் நடுவே ஏற்றாமல், சர்வர் எழும்போதே எதையும் எறியாத வெற்று நிரலாக ஏற்றிவைத்திருப்பது நல்லது.

அட்டையின் ஹீட்சிங்க்கில் விசிறி கிடையாது, சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தையே நம்பியிருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்து குளிர்விக்கும் திறன் குறையும். குளிர்விப்புத் துறையின் ஆஷ்ரே அமைப்பு தரும் நெறிகளில் சர்வர்களுக்கான ஏ2 வகுப்பு, 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் அனுமதிக்கும் வெப்பநிலையில் 1 டிகிரி கழிக்கச் சொல்கிறது. 1800 மீட்டரை ஒட்டிய கோத்தகிரியில் அது 3 டிகிரிதான், நம் குளிரில் அது ஒரு பொருட்டே இல்லை. இங்கே எதிரி ஈரம். பனி இறங்கும் மாலைகளில் ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி செலவை மிச்சப்படுத்தும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அட்டையின் தங்கப்பூச்சு விளிம்பும் ஃபைபர் முனைகளும் அதைத் தாங்காது. அறையை மூடிவைத்து, சர்வரின் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும்படி விடுவது மேல்.

வாங்கும்போது இரண்டாகவே வாங்குங்கள். மண் சரிந்து மேட்டுப்பாளையம் சாலை மூடினால் கீழேயிருந்து உதிரி வருவது அன்றைக்கு நடக்காது. போலி அட்டைகளும் சந்தையில் உலவுவதால், இரண்டையும் திரும்பக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். மாற்று அட்டையை அதே ஸ்லாட்டில் போட்டால் டெபியன் இன்டர்ஃபேஸ் பெயரை ஸ்லாட் இடத்தைக் கொண்டு அமைப்பதால் பெயர் மாறாது, அமைப்புக் கோப்புகளைத் தொட வேண்டியதில்லை. மேல்நிலை இணைப்பு தருபவர் மேக் முகவரியைப் பூட்டி வைத்திருந்தால், இரண்டாவது அட்டையின் முகவரிகளையும் இப்போதே அவர்களிடம் பதிந்துவையுங்கள்.